ஈரத்தை மறைக்கும் பூச்சு: வீட்டுப் பழுதுபார்ப்பில் அமானிதம்



வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலும், உள்ளே செங்கல்பட்டு நகரிலும் மேஸ்திரிகளைத் தேடும் காலம் தொடங்கிவிடுகிறது. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவில் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்த மாண்டஸ் போன்ற புயல் வீசிய ஆண்டுகளில் இத்தேவை பன்மடங்காகிறது. தளம் ஒழுகுகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது. சம்பாதிக்கும் மகன் வளைகுடா நாட்டில் இருக்க, வீட்டில் முதியோரும் பெண்களுமே உள்ளனர். அந்நேரத்தில் வாசலில் வந்து நிற்பவரிடம் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்து ஏமாறும் குடும்பங்கள் பல. பின்னர் அதனை 'நஸீப்' என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறார்கள். மார்க்கம் கற்றுத்தந்த எச்சரிக்கையைக் கைவிட்டுவிட்டு, விளைவை விதியின்மேல் சுமத்துவது முறையன்று.

இரண்டு தகுதிகள்

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண், வலிமை, நம்பகத்தன்மை ஆகிய இரண்டையும் சேர்த்தே குறிப்பிட்டார் என்று திருக்குர்ஆன் (28:26) கூறுகிறது. நாமோ பெரும்பாலும் ஒன்றை மட்டும் பார்க்கிறோம். "நம் ஜமாஅத்துக்காரர், தொழுகையாளி" என்பது நல்ல செய்திதான். ஆனால் அது தொழில்திறனுக்குச் சான்றாகாது. கைதேர்ந்தவர் என்பது நாணயத்துக்கும் சான்றாகாது.

கடலோரத்தில் இத்திறன் இன்னும் இன்றியமையாதது. உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு ஏறிய கம்பி பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. இதனை அறிந்த மேஸ்திரி முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைக் கண்டறிவார். தளர்ந்த பகுதியைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சிட்ட பிறகே புதிய கலவையை நிரப்புவார். கம்பி பெரிதும் தேய்ந்திருந்தால் பொறியாளரை அழைக்கச் சொல்வார். கடற்கரை மணலைக் கலவைக்குத் தொடமாட்டார். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரையும் தவிர்ப்பார். கம்பி இட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி. ஏமாற்றுபவரோ வெடிப்பின் மேல் சிமெண்டைப் பூசி, வண்ணம் அடித்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அது உறங்கும் பிள்ளைகளின் மீது பெயர்ந்து விழும்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டறிந்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்றும், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் அவர்கள் கண்டித்தார்கள். ஈரச் சுவரின் மேல் அடிக்கப்படும் வண்ணமும் அதே மோசடிதான்.

எழுதுவது அவநம்பிக்கை அன்று

"நம்மவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா?" என்று தயங்குவோர் உள்ளனர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதுவது பற்றியதே. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வுறலாகாது என்று அது வலியுறுத்துகிறது. வேலை முடியும் வரை முன்பணமும் ஒப்பந்தக்காரர் மீதுள்ள கடனைப் போன்றதே. எனவே, செய்யவேண்டிய வேலை, எத்தனை சதுர அடி, எந்தப் பொருள், என்ன விலை, எத்தனை நாள், மீண்டும் ஒழுகினால் யார் பொறுப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சாட்சிகளுடன் இருதரப்பும் கையொப்பமிடுவோம். எழுத மறுப்பவர், "இன்று மட்டும் இந்த விலை" என்று அவசரப்படுத்துபவர், வேறொரு வீட்டில் மிஞ்சிய பொருள் என்று அழைக்காமலே வருபவர், முன்பு செய்த வேலையைக் காட்டாதவர் ஆகியோரைத் தவிர்ப்போம்.

பொருள்களுக்கான பணத்தை இயன்றவரை நாமே ஹார்டுவேர் கடையில் செலுத்திப் பில் வாங்குவது நல்லது. கூலியை வேலையின் கட்டங்களுக்கேற்பப் பிரித்துக் கொடுப்போம். இறுதித் தவணை ஒரு மழைக்குப் பின்னரே என்றால், அதையும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நடுவில் நிபந்தனை சேர்ப்பது நம் பக்கத்து மோசடியாகிவிடும். கொத்தனார், சித்தாள் ஆகியோரின் அன்றாடக் கூலியை எக்காரணத்துக்காகவும் நிறுத்தலாகாது. முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்பது நபிமொழி.

ஜமாஅத்தின் பொறுப்பு

ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒரு பதிவேடு வைக்கலாம். யார் யாருக்கு என்ன வேலை செய்தார், ஒரு மழைக்காலம் கடந்தும் அது நிலைத்ததா என்பதை வேலை செய்வித்தவரே அதில் எழுதட்டும். இது புறம்பேசுதல் ஆகாதா என்ற ஐயம் எழலாம். திருமணம் குறித்து ஆலோசனை கேட்ட ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களிடம், பெண் கேட்டிருந்த இருவரின் குறைகளை நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்கள். ஆலோசனை கேட்பவரிடம் உண்மையைச் சொல்வது அமானிதம். எனினும் கண்டதை மட்டுமே எழுத வேண்டும். சம்பந்தப்பட்ட தொழிலாளியின் விளக்கமும் அதில் இடம்பெற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் பெற்றுச் செய்யும் சேவையின் குறைபாடு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. அங்கே நமக்காகப் பேசுவது, அன்று எழுதிக்கொண்ட அந்த ஒரு தாளும் கடைப் பில்களுமே.

நம் இல்லங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையானதாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.