சட்டி பானைப் படிப்பா?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தோம். அன்பர் ஒருவரின் மகளுக்கு ரூர்கேலா என்.ஐ.டி.யில் செராமிக் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருந்தது. "சட்டி பானை செய்யவா சார் இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைத்தேன்?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. இப்போது அவள் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். நன்றாக இருக்கட்டும். ஆனால் அன்று நான் வாய் திறந்திருக்க வேண்டும். இந்த ஆண்டும் கவுன்சிலிங் நெருங்குவதால் இப்போதாவது எழுதுகிறேன்.

என் கடைவாய்ப் பல்லுக்கு ஜிர்கோனியா உறை போட்டிருக்கிறேன். பல் மருத்துவர் தந்த துண்டுத்தாளில் 'நானோ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள படிக மணிகளாக ஜிர்கோனியா தூளைத் தயாரிப்பது இன்று பெரிய வித்தையல்ல. ஆனால் தூள் பல்லாகுமா? அதை அச்சில் அழுத்தி, ஏறக்குறைய 1500 டிகிரி சூட்டில் சுட்டு இறுக்க வேண்டும். அந்தச் சூட்டில் மணிகள் வளர்ந்து பத்து மடங்குகூடப் பெரிதாகிவிடும். தூளில் இருந்த நானோ பல்லில் இருப்பதில்லை!

ஏன் வளர்கின்றன? ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப் பாருங்கள். சிறு துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருந்துளியாகும். அப்போது துளிகளின் மொத்த விளிம்பு குறைகிறது. இதுவும் அப்படித்தான். மணிக்கும் மணிக்கும் இடையேயுள்ள எல்லையில் அணுக்கள் ஒழுங்காக அடுங்கியிருப்பதில்லை. அங்கே ஆற்றல் மிகுதி. அந்த எல்லையைக் குறைத்துக்கொள்ளப் பெரிய மணி சிறிய மணியை விழுங்குகிறது. மணி எவ்வளவு சிறிதோ, எல்லை அவ்வளவு அதிகம். விழுங்கும் வேகமும் அதிகம். ஆகவே சிறிதாக்குவதைவிடச் சிறிதாகவே வைத்திருப்பதுதான் கஷ்டம்.

இதற்கு உபாயம் ஒரு சிட்டிகை வேற்றுப்பொருள். 'டோப்பன்ட்' என்பார்கள். எனக்கு நன்கு பழக்கமான உதாரணம் ஒன்று சொல்கிறேன். ரயில்வே யார்டுகளில் உயர்ந்த கம்பங்களில் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்குகள் நினைவிருக்கிறதா? எல்.ஈ.டி. வருமுன் அவைதாம் எங்கள் இரவுகளுக்குச் சூரியன். உள்ளே இருக்கும் சிறு குழாய் கண்ணாடியல்ல, அலுமினா. கொதிக்கும் சோடிய ஆவி கண்ணாடியை அரித்துவிடும். ஆனால் அக்காலத்து அலுமினா வெளிச்சம் புகாத வெள்ளைப் பீங்கான். சுடும்போது சில மணிகள் கண்டபடி வளர்ந்து, காற்றுத் துளைகளைத் தமக்குள்ளே சிறைப்படுத்திவிடும். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் கோபிள் என்பவர் மிகச் சிறிதளவு மக்னீசியாவைச் சேர்த்தார். மணிகளின் எல்லை நிதானமாக நகர்ந்தது, துளைகள் எல்லை வழியே வெளியேறின, வெளிச்சம் ஊடுருவியது. 1962-ல் காப்புரிமை கிடைத்தது. நூற்றுக்கணக்கான விளக்குகளை மாற்றிய எனக்கு இது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

என் பல்லில் அந்த வேலையைச் செய்வது யிட்ரியா. யிட்ரியம் அணு ஜிர்கோனியம் அணுவைவிடப் பெரியது. உள்ளே நெருக்கமாக இருப்பதால் எல்லையோரம் ஒதுங்குகிறது. நகரப் பார்க்கும் எல்லை இந்தச் சுமையையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. பொருத்தமான டோப்பன்ட் எல்லையின் ஆற்றலையே தணித்து, வளரும் ஆசையையும் குறைக்கும். இன்னொரு உதவியும் உண்டு. சுத்தமான ஜிர்கோனியாவைச் சுட்டு ஆறவிட்டால், 1170 டிகிரிக்குக் கீழே அதன் படிக அமைப்பு மாறி, நூற்றுக்கு நாலைந்து பங்கு உப்பி, வெடித்துவிடும். மூலக்கூறுக் கணக்கில் நூற்றுக்கு 3 பங்கு யிட்ரியா அதைத் தடுக்கிறது. ஆனால் மணிகள் மிகவும் வளர்ந்துவிட்டால் அந்த யிட்ரியாவாலும் தாக்குப்பிடிக்க முடியாது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. யிட்ரியா 8 பங்கானால் பல்லுக்கு வேண்டிய உறுதி போய்விடும்; அதுவே எரிபொருள் மின்கலத்துக்கு உகந்தது. அலுமினாவில் மணலும் சுண்ணாம்பும் சிறிது கலந்தாலே சில மணிகள் தாறுமாறாக வளரும். எதை, எவ்வளவு, எந்தச் சூட்டில் என்று அறிவதுதான் அந்தச் 'சட்டி பானை' படிப்பு.

சம்பளம் பற்றிய பெற்றோரின் கவலை நியாயமானது. கல்விக் கடன் கட்டுகிறவருக்குத்தான் அதன் பாரம் தெரியும். முதல் வேலையில் கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும், நம் பையிலுள்ள செல்போனுக்குள்ளும் நூற்றுக்கணக்கான பீங்கான் மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய அடுக்குகளிலும் மணி வளராமல் காப்பது இதே சிட்டிகை வித்தைதான். இங்கே கொல்கத்தா ஜாதவ்பூரில் 1950 முதல் மத்தியக் கண்ணாடி, செராமிக் ஆய்வு நிலையம் இயங்குகிறது. நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசியிருப்போம்?

எல்லோரும் செராமிக் படியுங்கள் என்று சொல்லவில்லை. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால் படிப்பின் பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். என்னைப் போல மௌனமாகவும் இருந்துவிடாதீர்கள்.