பரவூர் ஜெப ஆலயமும் பெட்டிமுடி லயங்களும்

ஏலப்பாறைத் தோட்டங்களிலிருந்து மலையிறங்கிக் கொச்சிப் பக்கம் செல்லும் தொழிலாளர்கள் வடக்குப் பரவூரின் பழைய யூத ஜெப ஆலயத்தை அவசியம் பார்த்துவர வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடம், கேரள அரசின் முசிறி பாரம்பரியத் திட்டத்தில் சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகமாகியுள்ளது. 1948இல் இஸ்ரேல் உருவானபின் இங்கிருந்த யூதர்கள் படிப்படியாகக் குடிபெயர்ந்தனர். எவரும் அவர்களை விரட்டவில்லை. வேதச்சுருள்களை வைத்திருந்த பேழையும் பின்னர் கடல் கடந்தது. தொழுவோரின்றிப் போன ஆலயத்தைக் கைப்பற்ற எந்த மதத்தின் கும்பலும் கடப்பாரையோடு வரவில்லை.

இதற்காகக் கொச்சி யூதர்களின் கதையைப் பொன்முலாம் பூசிச் சொல்ல வேண்டியதில்லை. மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் அடிமைகளின் வழித்தோன்றல்கள் சமமாக அமர்த்தப்படவில்லை. அந்த இழிவை எதிர்த்து ஏ.பி.சேலம் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. சாதியம் யூதரையும் விட்டுவைக்கவில்லை.

ஆயினும் பரவூரில் காக்கப்பட்ட நெறி பிற இடங்களில் மிதிக்கப்படுகிறது. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா 537இல் தேவாலயமாகவும், 1453இல் மசூதியாகவும், 1934ஆம் ஆண்டு அமைச்சரவை முடிவால் அருங்காட்சியகமாகவும் ஆனது. 2019இல் இஸ்தான்புல் மாநகரத் தேர்தலில் தோற்று, லிராவின் வீழ்ச்சியையும் தடுக்க இயலாத எர்டோகன் ஆட்சி, அதை மீண்டும் மசூதியாக்கி 2020 ஜூலை 24இல் தொழுகை நடத்தியது. பசித்தவனுக்கு மதவெற்றியைப் பரிமாறும் பழைய சமையல்!

பன்னிரண்டே நாட்களில், ஆகஸ்ட் 5 அன்று, அயோத்தியில் பிரதமரே அடிக்கல் பூசை நடத்தினார். அங்கிருந்த மசூதியை 1992 டிசம்பர் 6இல் இடித்தது சட்டமீறல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும், நிலம் கோயிலுக்கே போயிற்று. மற்ற வழிபாட்டிடங்கள் 1947 ஆகஸ்ட் 15இல் இருந்த தன்மையிலேயே நீடிக்க வேண்டுமென்ற 1991ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இப்போது காசியிலும் மதுராவிலும் அரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூசைக்கு மறுநாள், ஆகஸ்ட் 6 இரவு, இதே இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள், பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்களும் அவர்களது பிள்ளைகளும். எந்தச் சாமியின் பெயராலும் அந்த லயங்களுக்கு அடிக்கல் நாட்ட எவரும் வந்ததில்லை. தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. பீர்மேடு வட்டாரத்திலோ, பூட்டப்பட்ட தோட்டங்களின் ஒழுகும் லயங்களில் குடும்பங்கள் இன்னமும் மழைக்காலத்தை எண்ணி அஞ்சிக்கொண்டிருக்கின்றன.