தாத்தா பேரில் பட்டா

‘தங்கச்சிக்குத் தை மாசம் கல்யாணம். அதுக்குள்ள பெரம்பலூர் வீட்டை வித்தாகணும். புரோக்கர் வைக்கலாமா, நாமளே விற்கலாமா?’ - கேட்கிறார் சென்னை ஆபீஸ் நண்பர்.

பட்டா யார் பேர்ல இருக்கு, பிரதர்?

1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து 2001-ல் அரியலூர் தனியாகப் போய், 2002-ல் திரும்பி வந்து, 2007-ல் மறுபடி தனிக்குடித்தனம். மாவட்டமே இத்தனை தடவை மாறியும் தாத்தா பேரில் உள்ள பட்டா மட்டும் மாறுவதில்லை! அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீடு, உயிலும் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தைகளுக்கும் பங்குண்டு. அவர்கள் கையெழுத்து இல்லாமல் எப்பேர்ப்பட்ட புரோக்கராலும் சீக்கிரம் விற்க முடியாது. (போன தீபாவளிக்கு அத்தைக்குப் புடவை எடுத்தீர்களா?)

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். ஆள் பிடிக்கத்தான் புரோக்கர். அரியலூர் சிமென்ட் ஃபாக்டரிக்கு மாற்றலாகி வந்து வீடு தேடுகிறவர் யார் என்பது டீக்கடை பெஞ்சுக்குத்தான் தெரியும். கமிஷனை முதல் நாளே பேசிவிடுங்கள். ‘தை மாசம்’ என்று மட்டும் உளறாதீர்கள். விலை அங்கேயே படுத்துவிடும்.

அட்வான்ஸ் மஞ்சள் பையில் கட்டாக வரும். ஆசையாகத்தான் இருக்கும். 2015 ஜூனிலிருந்து, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம், சார். பார்ட்டிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, நேரே பாங்குக்கு அழைத்துப் போங்கள்.