மூடி வைத்தால் மட்டும் போதுமா?

ஐப்பசி பிறந்து விட்டால், கார்த்திகை முடிகிற வரைக்கும் வானத்தை நம்பி ஒரு பாவாடையைக் கூடக் கொடியில் போட முடியாது. மதுரை என்றாலே வெயில் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு மூன்று மாதத்தில் அடிக்கிற மழை, ஒரே சாயங்காலத்தில் தெருவை ஆறாக்கிவிடும். 2024-ம் வருஷம் அக்டோபர் 25-ம் தேதி பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்ததை மறக்க முடியுமா?

மழை வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? வாசலில் நிற்கிற வண்டி, விறகு, மாடியில் கிடக்கிற பழைய கட்டில் எல்லாவற்றின் மேலும் ஒரு தார்ப்பாயைப் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, "அப்பாடா" என்று உள்ளே வந்து விடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதில் நான் பட்ட பாட்டைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு சந்துக்குள் இருக்கிறது. ஸ்கூட்டரை உள்ளே ஏற்ற வழியில்லை; வாசலில் சுவரோரமாகத்தான் நிற்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் வேலை விஷயமாக ஒரு மாதம் வெளியூர் போக வேண்டி வந்தது. "மழைக் காலம், வண்டியப் பத்திரமாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கடைத்தெருவுக்குப் போய் நல்ல நீலத் தார்ப்பாயாக வாங்கி வந்தேன். தலையிலிருந்து சக்கரம் வரைக்கும் காற்றுப் புகாமல் சுற்றி, புடவைப் பெட்டியைக் கட்டுகிற மாதிரி கட்டினேன். எனக்கே என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

என் மாமியார் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இப்பிடி மூட்டை கட்டி வச்சிருக்கியே, அது மூச்சு விட வேணாமா?" என்றார். "வண்டிக்கு என்ன அத்தை மூச்சு?" என்று சிரித்துக் கொண்டே போய்விட்டேன்.

நாலைந்து நாள் நல்ல மழை. தார்ப்பாய், கைப்பிடிக்கும் சீட்டுக்கும் நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்து, அதில் ஒரு குடம் தண்ணீர் நின்றது. கால் வைக்கிற இடத்தில் இன்னொரு குட்டை. எங்கள் சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்கு அது சின்னத் தெப்பக்குளம்! பழைய நோட்டுத் தாளைக் கிழித்துக் காகிதக் கப்பல் செய்து விட்டுக் கொண்டே இருந்தான். வேறெங்கும் ஓடாமல் வாசலில் விளையாடுகிறானே என்று நானும் அடுப்படி வேலையைப் பார்த்தேன். அவன் காலைச் சொறிந்து கொண்டு வந்தபோதும், "பகல்ல என்னடா கொசு?" என்று தேங்காய் எண்ணெய் தடவி விட்டதோடு சரி.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி அவனுக்குக் காய்ச்சல். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. "கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதும்மா" என்றான். மறுநாள் டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, டெங்கு என்றார். ஐந்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவன் கையில் ஏறுகிற சொட்டுத் தண்ணீரை எண்ணிக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நாளை எந்தத் தாய்க்கும் நினைக்கக் கூட வேண்டாம். தெய்வாதீனமாகப் பிள்ளை தேறி வந்தான்.

நாங்கள் வீடு திரும்பின மறுநாள், கொசு ஒழிப்பு வேலைக்கு வருகிற பெண் ஒருத்தி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், பூந்தொட்டியைப் பார்த்தாள். பிறகு நேராக ஸ்கூட்டரிடம் போய், கையிலிருந்த டார்ச்சைத் தார்ப்பாய்க் குட்டையில் அடித்தாள். "இங்க வந்து பாருங்கக்கா" என்றாள். பார்த்தேன். கமா போட்ட மாதிரி நூற்றுக்கணக்கில் புழுக்கள் நெளிந்து கொண்டிருந்தன. நடுவில் என் பிள்ளை விட்ட கப்பல் ஊறிப் போய்க் கிடந்தது.

அந்தக் குட்டையில் பிறந்த கொசுதான் அவனைக் கடித்தது என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

சரி, வண்டியாவது நன்றாக இருந்ததா? அதுவும் இல்லை! எங்கள் வீட்டுக்காரர் வந்து அவிழ்த்தபோது குப்பென்று புழுங்கின வாடை. சீட்டில் வெள்ளைப் பூசணம், பிரேக் கம்பியில் துரு, முன் பெட்டிக்குள் எலி வைத்த கூடு. ஒரு சொட்டு மழை படாமல் மூடின வண்டிக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு ஈரம்?

அதற்குப் பதில் எனக்குக் கடற்கரையில் கிடைத்தது.

என் நாத்தனாரை மண்டபத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அடுத்த கோடை லீவில் பிள்ளைகளோடு போயிருந்தேன். கிழக்குக் கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக் கூடாது என்று தடை. அதனால் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற காலம் அது. மதுரைக்காரிக்குத் தை மாதத்துத் தெப்பத்தை விட்டால் படகைப் பற்றி என்ன தெரியும்? வாய் பார்த்துக் கொண்டு நின்றேன். அங்கே ஒரு வள்ளத்தை மூடி வைத்திருந்த விதம் என் கண்ணில் பட்டது. நீளவாக்கில் ஒரு மூங்கிலை உயர்த்திக் கட்டி, அதன் மேல் தார்ப்பாயைக் குடிசைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்துப் போட்டிருந்தார்கள். முன்னும் பின்னும் திறந்தே இருந்தது.

"ஏன் ஆத்தா, ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்கே, மழை அடிக்காதா?" என்று அங்கிருந்த வயசான அம்மாவிடம் கேட்டேன்.

"அடிச்சா ரெண்டு தூத்தல் உள்ள வரும், அதுவே காஞ்சிரும். இறுக்கி மூடினா உள்ள இருக்கற ஈரம் எங்கிட்டுப் போகும் தாயி? மரம் ஊறிப் போகாதா?" என்றார். படகின் ஒரு முனையைக் கட்டை கொடுத்துக் கொஞ்சம் தூக்கி, தாழ்ந்த பக்கத்து அடைப்பையும் பிடுங்கி விட்டிருந்தார்கள். உள்ளே விழுகிற தண்ணீர் தானாக ஓடிவிடுமாம்.

என் மாமியார் சொன்ன "மூச்சு" எனக்கு அப்போதுதான் புரிந்தது!

பனி கொட்டுகிற தேசங்களிலும் குளிர் காலத்தில் படகைக் கரையேற்றி, இதே மாதிரி நடுவில் முகடு உயர்த்தித்தான் மூடுகிறார்கள். தட்டையாக மூடினால் பனி மேலேயே குவிந்து, கனம் தாங்காமல் துணி கிழிந்துவிடும். சரிவாக இருந்தால் வழுக்கி விழும். காற்றுப் போக வழியும் விடுகிறார்கள். நமக்குப் பனி இல்லை, மழைதான். ஆனால் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் தண்ணீர். கட்டில் அகலத் தார்ப்பாய் இரண்டு சதுர மீட்டர் என்று வையுங்கள். அதில் 5 சென்டிமீட்டர் மழை நின்றால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ! கயிறு அறுபடாமல் என்ன செய்யும்?

ஈரத்தின் ரகசியமும் இதுதான். தரையிலிருந்தும் நனைந்த வண்டியிலிருந்தும் பகலில் ஆவி எழும்புகிறது. பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. ராத்திரி குளிர்ந்ததும், இட்லிப் பானை மூடியில் முத்து முத்தாகக் கோக்கிற மாதிரி உள்பக்கம் நீர் கோத்து, வண்டி மேலேயே சொட்டுகிறது. வெளியே மழை விட்டாலும் உள்ளே மழை விடுவதில்லை.

இப்போது நான் மூடுகிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் வண்டியைத் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு மூடவே கூடாது. புகைக் குழாய்ச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக் கொள்ளும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

ஜன்னல் கம்பியிலிருந்து எதிரே உள்ள தூணுக்கோ கேட்டுக்கோ, வண்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கெட்டியான கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். இதுதான் முகடு. அதன் மேல் தார்ப்பாயை இரண்டு பக்கமும் சரிவாகத் தொங்க விடுங்கள். ஓரங்கள் தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும். முன்னும் பின்னும் திறந்திருக்கட்டும்.

தார்ப்பாயில் கயிறு கோக்க வளையம் இல்லையா? ஓட்டை போடாதீர்கள், கிழிந்து கொண்டே போகும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் துணியோடு சேர்த்துப் பிடித்து, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள். எந்தக் காற்றுக்கும் நழுவாது. கயிற்று நுனியைச் செங்கல்லில் கட்டி விடலாம். பிள்ளைகள் கழுத்து மட்டத்தில் கயிறு குறுக்கே ஓடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

மழை விட்டு வெயில் தலை காட்டினால் உடனே தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேர வெயில் பத்துத் துணிக்குச் சமம். கார்த்திகை முடிந்ததும் காய வைத்து மடித்து உள்ளே வையுங்கள். சித்திரை வெயிலில் கிடந்தால் அப்பளமாக நொறுங்கிப் போகும்.

இன்னொன்று. தீபாவளியும் கார்த்திகை தீபமும் இந்த மழைக் காலத்தில்தான் வருகின்றன. பெட்ரோல் வண்டி, மேலே பிளாஸ்டிக், பக்கத்தில் அகல் விளக்கு! வேண்டவே வேண்டாம். அந்த நாட்களில் தார்ப்பாயை எடுத்துவிட்டு, வண்டியைப் பட்டாசுக்கு எட்டாத இடத்தில் நிறுத்துங்கள்.

வண்டியைச் சொன்னேனே தவிர, மழைத் தண்ணீர் நிற்கிற இடம் நம் வீட்டில் ஒன்றா இரண்டா? புழங்காமல் கொல்லையில் கிடக்கிற ஆட்டுக்கல்லின் குழி, தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு. காற்றுக்குப் பறக்காமல் இருக்கத் தகரக் கூரை மேல் பழைய டயரைத் தூக்கி வைத்திருப்போமே, அது கொசுவுக்குக் கட்டிக் கொடுத்த பங்களா! டயரை எடுத்துவிட்டுச் செங்கல்லோ மணல் மூட்டையோ வையுங்கள். ஆட்டுக்கல் குழியில் மணலை நிரப்பலாம். பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கலாம். ஒகேனக்கலில் பரிசல்காரர்கள் கரையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி.

டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டைச் சுற்றித் தேங்குகிற தெளிந்த தண்ணீரில்தான் பெரும்பாலும் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் அது வளர வழியில்லை. நான் வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே இதையும் முடித்து விடுகிறேன். வெறுமனே கொட்டினால் போதாது, ஓரத்தை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக் கொண்டு, தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். அடுத்த மழை பட்டால் பொரித்து விடும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மழைக் காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை டெங்குவில் ரத்தக் கசிவை அதிகமாக்கும். கஞ்சி, மோர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஆபத்து அப்போதுதான் வரும். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, பிள்ளை துவண்டு தூங்கிக் கொண்டே இருப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள்.

எங்கள் வாசலில் இப்போது ஸ்கூட்டருக்கு மேலே ஒரு குட்டிக் குடிசை நிற்கிறது. போன மழையில் என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் வண்டி மூச்சு விடுது" என்றார். சின்னவன் இப்போதும் காகிதக் கப்பல் செய்கிறான். அகலமான பேசினில் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறேன். விளையாட்டு முடிந்ததும் அவனே கொட்டிக் கவிழ்த்து விடுகிறான்.

நீங்களும் இதழை மூடி வைத்துவிட்டு வாசலுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். எதன் மேலாவது தார்ப்பாய் தொய்ந்து, தண்ணீர் நிற்கிறதா?