வீட்டுப்பாடத்துக்கு வீடு வேண்டாமா?

“ஹோம்வொர்க் எழுதலைன்னா மிஸ் வெளியே நிக்க வெப்பாங்கம்மா...” காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ராத்திரி எட்டு மணிக்குமேல் பல வீடுகளில் கேட்கும் அழுகை இது. வீட்டுப்பாடம் எழுதியே ஆகவேண்டும் என்று பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த முடியுமா?

சின்ன வகுப்புகளைப் பொறுத்தவரை, இதற்கான பதில் ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. பாரிமுனையில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில், 2018 மே மாதம் நீதிபதி என்.கிருபாகரன், ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பற்றிய வழக்குதான் அது. ஆனாலும், மாநில அரசுகளுக்கும் இதை அறிவுறுத்தும்படி மத்திய அரசுக்குச் சொன்னார்.

2020-ல் மத்திய அரசு வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கை மற்ற வகுப்புகளுக்கும் அளவு சொல்கிறது. 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம். கவனியுங்கள், வாரத்துக்கு! 6 முதல் 8 வரை தினமும் 1 மணி நேரம். அதற்கு மேல் உள்ள வகுப்புகளுக்குத் தினமும் 2 மணி நேரம். இவையெல்லாம் அதிகபட்ச அளவுகள்.

சரி, எழுதாவிட்டால்? 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆக, பெரிய வகுப்புகளில் ஆசிரியர் வீட்டுப்பாடம் கொடுக்கலாம், ‘ஏன் எழுதவில்லை?’ என்று கேட்கலாம். அடித்தோ அவமானப்படுத்தியோ வாங்க முடியாது.

ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்காமல் வாய்ப்பாடு மனதில் நிற்காது. ஆனால், வீட்டுப்பாடம் என்றால் அதற்கு ஒரு வீடு வேண்டும். ஒரே அறையில் சமையல், டி.வி., தம்பியின் தூக்கம். வாசலில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். அப்பாவுக்கு எண்ணூரில் நைட் ஷிப்ட். அம்மா விடிவதற்குள் மீன் ஏலத்துக்குக் கிளம்பவேண்டும். இந்தப் பிள்ளை எழுதாமல் போவதும், தனி அறையும் டியூஷனும் இருக்கும் பிள்ளை எழுதாமல் போவதும் ஒன்றா?

அதற்காகப் பிள்ளைக்குப் பதில் நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நோட்டைப் பார்க்கும் ஆசிரியர், பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். டைரியில் இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: ‘அரை மணி நேரம் உட்கார்ந்தாள். மூன்றாவது கணக்கு புரியவில்லை.’ எழுதத் தெரியாத பெற்றோர் பள்ளிக்குப் போய் நேரில் சொல்லலாம்.

ஆசிரியர்களே, யார் துணையும் இல்லாமல் பிள்ளையால் செய்ய முடிவதை மட்டும் வீட்டுக்கு அனுப்புங்கள். கடைசிப் பீரியடில் கால் மணி நேரம் ஒதுக்கி, வகுப்பிலேயே அதைத் தொடங்கி வையுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்பது உங்கள் கண்முன்னாலேயே தெரிந்துவிடும்.