ஸயாம் அரசரின் புரோகிதர்கள்

மார்கழி விடியலில் செம்பட்டி, திண்டுக்கல் பக்கத்து மக்கள் செவியில் விழும் திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் கடந்து ஓர் அரசவை வரை சென்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இன்று தாய்லாந்து எனப்படும் ஸயாம் தேசத்தில் ‘திரியம்பவாய், திரிபவாய்’ என்ற வைபவம் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. பெயர்கள் நம் பாவைகளின் திரிபே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. அதை நடத்துவோர் ஸயாம் அரசரின் பிராமணப் புரோகிதர்கள்.

தென்னிந்தியாவினின்று சென்றோர் வழியினர் என்று தங்களைக் கூறிக்கொள்ளும் இவர்கள், நகோன் ஸி தம்மராட் முதலிய தென் ஸயாம் நகரங்களில் வாழ்ந்து பின்னர் தலைநகர் சேர்ந்தவர்கள். புரோகித உரிமை தந்தை வழியே வருகிறது. அந்நாட்டுப் பெண்களையே மணக்கிறார்கள், புத்தரையும் வணங்குகிறார்கள், வெள்ளுடையும் குடுமியும் மட்டும் மாறவில்லை. முதலாம் ராமர் 1784-ல் பாங்காக்கில் இவர்களுக்குத் தேவஸ்தானம் அமைத்தார். 2019 மே 4-ந் தேதி நடந்த முடிசூட்டு விழாவிலும், ராஜகுரு கிரீடத்தை எடுத்துக் கொடுக்க, அரசர் தாமே அதைத் தரித்துக்கொண்டார்.

இவர்களுடைய கிரந்த எழுத்துச் சுவடிகளில் தேவாரப் பாடல்கள் இருப்பதை ஆங்கில அறிஞர் ஜான் மார் ஆராய்ந்து காட்டினார். ஆனால் ஓதுவோர்க்கு அது தமிழென்று விளங்குவதில்லை. ஒலி நின்றது, பொருள் போயிற்று.

இதைக் கண்டு, தமிழன் பெருமையே பெருமை என்று மார்தட்டுவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். அரசர் நிழலில் வளர்ந்தது அந்நிழல் சுருங்கும்போது தானும் சுருங்கும். 1932-ல் ஸயாமில் முடியரசின் தனியதிகாரம் ஒழிந்தது. 1935-ல் தேவஸ்தானத்தின் முன்னிருந்த பெரிய ஊஞ்சலில் ஆடும் சடங்கு நின்றது. மறு ஆண்டில் அரச ஏர்மங்கலமும் நின்று, 1960-ல்தான் மீண்டது. நமது நாட்டிலோ சேரர், சோழர், பாண்டியர், நாயக்கர் யாவரும் மறைந்தும் பாவைப் பாட்டு மறையவில்லை. எந்த அரசாணையும் அதைக் காக்கவில்லை. வீட்டுப் பெண்களும் சிறுவர்களும் பொருளறிந்து பாடியதே அதைக் காத்தது. மக்களின் மொழியில் வாழ்வதற்கு மானியம் வேண்டுவதில்லை.

ஆகவே நமது கடமை இரண்டு. ஸயாம் புரோகிதர்கள் ஓதும் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, சுவடிகளோடு ஒப்பிட்டுச் சுத்தமான பதிப்பாக வெளியிடும் பணியை நமது பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். அதனினும் பெரிது மற்றொன்று. நம் குழந்தைகள் பரிசுக்காகப் பாவையை மனப்பாடம் செய்து பொருளறியாது ஒப்பித்தால், பாங்காக் புரோகிதருக்கும் அவர்களுக்கும் வேற்றுமை யாது? அவர்களுக்காவது கடல் குறுக்கிட்டது என்ற சமாதானம் உண்டு. தாய்மொழியின் நடுவிலே இருந்துகொண்டு அதன் பொருளை இழப்போமாயின், நாம் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்றுமில்லை.