தோல்விக்கு அடுத்த வாரம்

இளைய அணிகள் நெருக்கடியான ஆட்டத்தில் தோற்றால் ‘மனத்திண்மை போதவில்லை’ என்று எளிதில் தீர்ப்பெழுதிவிடுகிறோம், அது கருவிலேயே வாய்ப்பது போல. பல்லடத்துக்காரர்களாகிய நமக்கு இதற்கான மறுப்பு அருகிலேயே, கோவையிலேயே இருக்கிறது.

கோவை நேரு விளையாட்டரங்கில் ஆடிவந்த சென்னை சிட்டி அணி, 2018-19 ஐ-லீக் பட்டத்தை உறுதிசெய்யும் வாய்ப்பை மார்ச் தொடக்கத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 எனத் தோற்று நழுவவிட்டது. மார்ச் 9 இறுதி நாள். மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோலடித்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் இறுதியில் தன் ஆட்டத்தை வென்றது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சியின் பெனால்டி சமன்செய்தது. பின்பு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். முடிவு 3-1. சென்னைக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

ஒரு வாரத்தில் திறமை கூடிவிடாது. பயிற்சியாளர் அக்பர் நவாஸும் மாறவில்லை. தோல்விக்குப் பின் இன்னொரு ஆட்டம் மீதமிருந்தது என்பதே வேறுபாடு. லீக் முறையின் அருமை அதுதான்.

நம் பள்ளிப் போட்டிகளோ பெரும்பாலும் தோற்றால் வெளியேற்றும் முறையிலேயே நடக்கின்றன. முதல் பதற்றத்திலேயே ஆண்டு முடிந்துவிடுகிறது. பதற்றத்தைப் பழகுவது எங்கே? அந்தச் சென்னை அணியும் 2020-21க்குப் பின் ஐ-லீக்கில் ஆடவில்லை. ஆகவே பிள்ளைகளிடம் துணிவைக் கேட்குமுன், தோற்றபின் ஆட அவர்களுக்கு இன்னொரு சனிக்கிழமையைக் கொடுப்போம். அதுவே நம் கடமை.